ஜப்பான் காலத்து நோட்டுகள்: சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் பிடித்த நாடுகளில் எல்லாம் தனக்கென்று ஒரு நோட்டு அச்சடித்துப் புழங்கவிட்டது. மலாயா, சிங்கப்பூர், பர்மா என்று தமிழர்கள் பெருங்கூட்டமாக இருந்த ஊர்கள் அதில் அடக்கம். அதனால்தான் காரைக்குடி, நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கத்துப் பழைய பெட்டிகளில் இந்த நோட்டுகள் இன்றைக்கும் அகப்படுகின்றன. என்னிடம் வரும் கேள்விகளில் முக்கால்வாசி அந்தப் பெட்டிகளிலிருந்து கிளம்புபவைதான்.

எங்கள் தாத்தா பினாங்கில் இருந்தவர். அவர் பெட்டியில் பத்து டாலர் ஜப்பான் நோட்டு ஒரு கட்டு கிடைத்தது. லட்சக்கணக்கில் போகுமா?

போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மலாயாவுக்கு அடித்த நோட்டுகளிலேயே இன்று மிகச் சாதாரணமாகக் கிடைப்பது அந்தப் பத்து டாலர்தான். போர் நடந்த ஆண்டுகளில் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்தார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் திரும்பி வந்ததும் அது செல்லாது என்று அறிவித்துவிட்டது. செல்லுகிற நோட்டாக இருந்திருந்தால் ஜனங்கள் வங்கிக்குக் கொண்டுபோய் மாற்றியிருப்பார்கள், வங்கி அதை அழித்திருக்கும். இதை வாங்க ஆளில்லை. ஆகவே யார் கையில் எவ்வளவு இருந்ததோ அது அப்படியே அவரவர் வீட்டில் தங்கிவிட்டது. குழந்தைகள் விளையாடியது போக மிச்சம் உங்கள் பெட்டியில். கசங்காத ஒரு நோட்டு சுமாரான ஓட்டல் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். கசங்கியது அதற்கும் கீழே.

இருந்தாலும் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். வரிசை எண் அச்சான நோட்டு ஏதாவது இருக்கிறதா, நூறு டாலரோ ஆயிரம் டாலரோ ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஏமாற்றமடையலாம்.

ஒரு ராணுவம் ஏன் தானே நோட்டு அடிக்க வேண்டும்?

ராணுவம் சாப்பிட வேண்டும், வண்டிக்கு எண்ணெய் போட வேண்டும், ஆள் பிடித்துப் பாலம் கட்ட வேண்டும். அத்தனைக்கும் பிடித்த ஊரிலிருந்தே பொருள் எடுக்க வேண்டும். துப்பாக்கியைக் காட்டிப் பிடுங்கினால் இரண்டாம் நாள் கடை திறக்காது. காகிதத்தைக் கொடுத்து வாங்கினால் கடை திறந்திருக்கும், சரக்கு வரும், ஊர் ஓடும். அந்தக் காகிதத்தின் பின்னால் தங்கமோ வெள்ளியோ வேறு எதுவுமோ கிடையாது என்பது தெரியவர ஜனங்களுக்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். அதுவரை லாபம்.

ஜப்பான் இதைப் போகிற போக்கில் செய்யவில்லை. 1941 டிசம்பரில் போர் தொடங்கும் முன்பே தெற்கு நாடுகளுக்கான நோட்டுகளைத் தயார் செய்து வைத்திருந்தது. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று விழுந்தது. படையோடு நோட்டும் வந்து சேர்ந்தது. ஒரு ஜப்பான் டாலருக்கு ஒரு மலாயா டாலர் என்று மதிப்பு வைத்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் பிரிட்டிஷ் நோட்டை மண்ணுக்கடியில் புதைத்துவிட்டு ஜப்பான் நோட்டைச் செலவழித்தார்கள்.

கையில் உள்ள நோட்டு எந்த நாட்டுக்குரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றிலும் 'ஜப்பான் அரசாங்கம்' என்றுதானே இருக்கிறது?

நோட்டில் பெரிதாக அச்சான ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்துதான் நாடு. மலாயாவுக்கு எம். ஓசியானியா என்று அவர்கள் சொன்ன நியூ கினி, சாலமன் தீவுப் பக்கத்துக்கு ஓ. பர்மாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அந்தந்தப் பெயரின் ஆங்கில முதலெழுத்து. டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஜாவா, சுமத்ரா பகுதிகளுக்கு மட்டும் எஸ். முதல் எழுத்தை அடுத்து வருவது அச்சுத் தொகுதியைக் குறிக்கும் எழுத்து. சில நோட்டில் எழுத்துகள் ஒரே வரியில் இருக்கும், சிலவற்றில் பின்னம் போல மேலும் கீழுமாக இருக்கும்.

எழுத்து மங்கிப்போயிருந்தால் பண அலகைப் பாருங்கள். டாலர் என்றால் மலாயா. ரூபாய் என்றால் பர்மா. அதிலும் சில்லறைக்கு அணா போடாமல் சென்ட் போட்டிருப்பார்கள், அதுவே தனி அடையாளம். பெசோ என்றால் பிலிப்பைன்ஸ். குல்டன் என்றும் டச்சு மொழி வாசகமும் இருந்தால் ஜாவா பக்கம். ஷில்லிங், பவுண்டு என்றால் ஓசியானியா.

மலாயா நோட்டில் ஆண்டு அச்சாகவில்லை. விற்பவர் '1942 நோட்டு' என்று அடித்துச் சொன்னால் எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

'வாழைமர நோட்டு' என்பது எது? மலாயா நோட்டு மொத்தம் எத்தனை வகை?

அதே பத்து டாலர்தான். முகப்பில் குலை தள்ளிய வாழைமரம் நிற்கும், கூடவே தென்னை. பின்புறம் கடலும் தூரத்தில் ஒரு கப்பலும். இந்த ஒரு நோட்டின் படத்தை வைத்து ஜப்பான் காலத்துப் பணம் முழுவதற்கும் மலாயாவில் வாழை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு டாலரில் ஈரப்பலா மரமும் தென்னையும், ஐந்து டாலரில் தென்னையும் பப்பாளியும். ராஜா தலை இருந்த இடத்தில் மரம் முளைத்ததைப் பார்த்து அன்றைய ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

மொத்தம் பத்து வகை: 1, 5, 10, 50 சென்ட், 1, 5, 10 டாலர், 100 டாலரில் இரண்டு, 1000 டாலர். இந்த வரிசையைச் சற்று உற்றுப் பார்த்தால் போரின் கதையே அதில் இருக்கிறது. 1942-ல் பத்து டாலருக்கு மேல் நோட்டு தேவைப்படவில்லை. 1944-ல் நூறு வந்தது. 1945-ல் ஆயிரம். விலைவாசி எப்படி ஏறியது என்பதற்கு வேறு புள்ளிவிவரம் வேண்டாம். ஒரு சென்ட் நோட்டையும் ஆயிரம் டாலர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். இரண்டுக்கும் நடுவே மூன்றரை ஆண்டுகூட இல்லை.

எனக்குப் பிடித்தது இரண்டாவது நூறு டாலர். முதல் நூறில் தண்ணீர்க் கரையில் ஒரு குடிசையும் மரங்களும் இருக்கும், அழகான படம், அவ்வளவுதான். இரண்டாவதில் ரப்பர் தோட்டத்தில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். பழுப்பு நிற அச்சு, வரிசையாக மரங்கள், நடுவே தொழிலாளிகள். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்தவர்களில், பெரும்பாலோர் தமிழர்கள். அந்த நோட்டு வெளிவந்த 1945-ல் மலாயா ரப்பருக்கு உலகச் சந்தை எட்டாமல் போயிருந்தது. தோட்டத்து ஆட்களில் பல்லாயிரம் பேர் ஜப்பான் ராணுவம் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாமலே போயிருந்தார்கள். நோட்டில் மட்டும் தோட்டம் அமைதியாக நடந்துகொண்டிருக்கிறது.

என் நோட்டில் வரிசை எண்ணே இல்லை. போலியா?

இல்லை, பெரும்பாலான அசல் நோட்டுகள் அப்படித்தான். முதலில் வந்த 1, 5, 10 டாலர் நோட்டுகளில் எழுத்தோடு எண்ணும் அச்சடித்தார்கள். பிறகு எண் போடுவதை விட்டுவிட்டார்கள், எழுத்து மட்டும் மிஞ்சியது. எண் இல்லாவிட்டால் எவ்வளவு அடித்தோம் என்று யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருந்தவர்களும் இதைக் கவனிக்காமல் இல்லை.

அதனால் எண் உள்ள நோட்டுக்கு விலை நிச்சயம் கூடுதல். மலாயா சேகரிப்பில் நிஜமாகத் தேட வேண்டியவை அவைதான். கிழிந்து மடிந்திருந்தாலும் விடாதீர்கள்.

ஆயிரம் டாலர் நோட்டு ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

குறைந்த விலை என்றாலே நகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டு வண்டி படம் போட்ட அந்த ஆயிரம் டாலர் போர் முடியும் தறுவாயில் வந்தது. மலாயா வரிசையிலேயே விலை உயர்ந்தது அதுதான், ஆகவே நகலும் அதற்குத்தான் அதிகம். நினைவுப் பொருளாக விற்க அச்சடித்த நகல்கள் கை மாறி மாறி 'தாத்தா பெட்டியில் இருந்தது' என்ற கதையோடு திரும்பி வரும்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. இந்தக் காலத்து அச்சில் எந்த நிறமும் சின்னச் சின்னப் பல வண்ணப் புள்ளிகளாகத்தான் தெரியும். அசலில் கோடு கோடாகவே இருக்கும், மை ஒரே நிறமாக இருக்கும். அடுத்தது புற ஊதா விளக்கு. வெண்மைக்காக ரசாயனம் கலந்த தாள் போருக்குப் பிறகுதான் பரவலானது. எனவே அசல் நோட்டு அந்த விளக்கில் மங்கலாகக் கிடக்கும், நகல் நீலமாகப் பளிச்சிடும். ஒரு விஷயம்: அழுக்குப் போக சோப்புத் தூளில் அலசிய அசல் நோட்டும் பளிச்சிடும். விளக்கு ஒன்றை மட்டும் நம்பி யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள்.

தாளின் தடிமனை வைத்து முடிவு கட்ட வேண்டாம். போர் முற்ற முற்றத் தாளும் மையும் அச்சும் மட்டமாகிக்கொண்டே போனது. 1945-ன் அசல் நோட்டு சில சமயம் நகலைவிட மோசமாக இருக்கும்.

எங்களுடையது பர்மாவில் லேவாதேவி செய்த குடும்பம். வீட்டில் இருக்கும் பர்மா ரூபாய் நோட்டுகள் எப்படிப்பட்டவை?

இரண்டு மூன்று விதமாக இருக்கலாம், பிரித்துப் பார்க்க வேண்டும். விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பது இங்கேதான்.

ஜப்பான் அடித்த பர்மா நோட்டு 1942-ல் தொடங்கியது: 1, 5, 10 சென்ட், கால் ரூபாய், அரை ரூபாய், 1, 5, 10 ரூபாய். 1944-ல் 100 ரூபாய் சேர்ந்தது. இவை மலாயா நோட்டைப் போலவே மலிவு.

இரண்டாவது வகை உங்கள் பாட்டனார் காலத்து அசல் பணம். 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட பிறகும் ரிசர்வ் வங்கிதான் கொஞ்ச காலம் பர்மாவுக்கும் நோட்டு வெளியிட்டது. பர்மாவில் மட்டும் செல்லும் என்று அதில் அச்சாகியிருக்கும். மூன்றாவது 1945-ல் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பியபோது வந்தது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட இந்திய நோட்டின் மேலேயே 'பர்மா ராணுவ நிர்வாகம், பர்மாவில் மட்டும் செல்லும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் கூடுதலாக அச்சடித்துப் புழங்கவிட்டார்கள். 1947-ல் அதே போல 'பர்மா கரன்சி போர்டு' என்று அச்சடித்தார்கள். இந்த இரண்டாவது, மூன்றாவது வகைகளை இந்திய நோட்டு சேகரிப்பவர்களும் தேடுகிறார்கள், பர்மா நோட்டு சேகரிப்பவர்களும் தேடுகிறார்கள். கிராக்கி அதிகம். உள்ளூர் வியாபாரி 'எல்லாம் ஒன்றுதான்' என்று மொத்தமாக விலை சொன்னால் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த மேலச்சிலும் போலி உண்டு. சாதாரண இந்திய நோட்டை எடுத்து அதன்மேல் பர்மா வாசகத்தைப் புதிதாக அடித்துவிடுவார்கள். மடிப்பு இருக்கும் இடத்தில் எழுத்தைப் பாருங்கள். பழைய மை மடிப்போடு சேர்ந்து தேய்ந்திருக்கும். புதிய மை மடிப்புக்குள் இறங்கி ஊறியிருக்கும்.

நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வங்கி நோட்டு என்று ஒன்று விற்பனைக்கு வருகிறதே?

வரும். நிறைய வரும். ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்டது, அதன் வங்கி 1944 ஏப்ரலில் ரங்கூனில் திறக்கப்பட்டது. இதுவரை வரலாறு. ஆனால் அந்த வங்கியின் பெயரில் கடைகளில் புழங்கிய நோட்டு என்று ஒன்று கிடையாது. ஜனங்கள் கையில் இருந்தது ஜப்பான் நோட்டுதான். நேதாஜிக்குத் தோட்டத் தொழிலாளிகள் கொடுத்த காணிக்கையிலும் அதுதான் இருந்திருக்கும். நேதாஜி படத்தோடு பெரிய தொகை போட்டு வரும் தாள்களுக்குப் பணம் கொடுக்கும் முன் நூறு முறை யோசியுங்கள். என்னைக் கேட்டால் அந்தப் பக்கமே போகமாட்டேன். நேதாஜி தலைமையில் நிதி திரட்டிய இந்திய சுதந்திர லீக் கொடுத்த நன்கொடை ரசீது உங்கள் வீட்டில் இருந்தால் அது வேறு விஷயம். பெயரும் தேதியும் கையெழுத்தும் உள்ள அந்த ரசீதுக்கு முன்னால் கட்டுக் கட்டான வாழைமர நோட்டு நிற்காது.

பிலிப்பைன்ஸ் நோட்டின் பின்னால் ஊதா நிறத்தில் ஏதோ முத்திரை குத்தியிருக்கிறது. கறையா, மதிப்பா?

கறை இல்லை. போருக்குப் பின் ஜப்பான் பெசோவை வைத்திருந்தவர்கள் ஒரு சங்கம் சேர்ந்தார்கள். அமெரிக்க அரசாங்கம் இதற்குப் பணம் தர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. உறுப்பினர்களிடமிருந்த நோட்டில் சங்க முத்திரை குத்திப் பதிவு செய்தார்கள். 'ஜப்வான்கேப்' என்று சங்கத்தின் பெயர்ச் சுருக்கம் அதில் இருக்கும்.

ஜப்பான் அடித்த நோட்டுக்கு அமெரிக்கா ஏன் தர வேண்டும் என்று தோன்றலாம். காரணம் இருந்தது. போர் நடக்கும்போதே அமெரிக்கா ஜப்பான் பெசோவைப் போல ரகசியமாகக் கள்ள நோட்டு அடித்து பிலிப்பைன்ஸுக்குள் அனுப்பியது; தலைமறைவாகப் போரிட்ட கெரில்லாக்களின் செலவுக்கு அது உதவியது. ஆனாலும் வழக்கு 1967-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. முத்திரை குத்திய நோட்டு விலையில் பெரிய உயர்வு காட்டாது. கதைக்காக ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

பிலிப்பைன்ஸில் தேடுவதற்கு இன்னொரு வகை உண்டு. ஜப்பானுக்கு அடங்காத மாகாணங்கள் தாமே நோட்டு அடித்துக்கொண்டன. செபு, பொஹோல், நெக்ரோஸ், மிந்தனாவோ என்று ஊருக்கு ஒரு விதம், கிடைத்த தாளில், கிடைத்த மையில். அதை வைத்திருப்பவரை ஜப்பான் படை பிடித்தால் உயிருக்கே ஆபத்து. பார்க்க அசிங்கமான நோட்டுகள்தான். இந்தத் துறையிலேயே எனக்கு மதிப்பு அதிகம் அவற்றின் மேல்தான்.

ஜாவா நோட்டில் கடோத்கசன் இருக்கிறானாமே?

இருக்கிறான். முதலில் அடித்த ஜாவா நோட்டுகளில் வாசகம் டச்சு மொழியில் இருந்தது. டச்சுக்காரர்களை விரட்டிவிட்டு அவர்கள் மொழியிலேயே நோட்டா என்று யோசித்தார்களோ என்னவோ, 1944-ல் ரூபியா கணக்கில் புது வரிசை வந்தது. அதன் பத்து ரூபியாவில் கடோத்கசன் வேடமிட்ட வயாங் (ஜாவா நாட்டுக் கூத்து) நடனக்காரர் நிற்கிறார். ஜப்பான் நோட்டுகளிலேயே பார்க்க அழகானவை இந்த வரிசைதான். மகாபாரதம் தெரிந்த பிள்ளைகளுக்குக் காட்ட நன்றாக இருக்கும், விலையும் கைக்கடக்கம்.

ஜப்பான் அரசாங்கம் இன்றைக்காவது இதை மாற்றித் தருமா? 'கேட்டவுடன் தருவோம்' என்று நோட்டிலேயே இருக்கிறதே?

தராது. ஹாங்காங்கில் ஜப்பான் வேறு விதமாக, ராணுவ யென் என்ற நோட்டைப் புழங்கவிட்டது. முதலில் இரண்டு ஹாங்காங் டாலருக்கு ஒரு யென், பிறகு நான்குக்கு ஒன்று என்று கட்டாயப்படுத்தி மாற்ற வைத்தது. அப்படிச் சொத்தை இழந்தவர்கள் டோக்கியோ நீதிமன்றம் வரை போனார்கள். 1999-ல் வழக்கு தள்ளுபடி. அவர்களுக்கே அந்தக் கதி.

மலாயாவில் இன்னொரு சிக்கல் இருந்தது. ஜப்பான் காலத்தில் ஒருவர் பழைய கடனை அந்த நோட்டில் அடைத்திருந்தால் கடன் தீர்ந்ததா, தீரவில்லையா? 1948-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். எந்த மாதத்தில் கொடுத்தது என்று பார்த்து, அந்த மாத மதிப்புப்படி கழித்துக்கொள்ள ஒரு பட்டியல் வைத்தார்கள். வட்டிக்கடை வைத்திருந்த குடும்பங்களில் அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகம் கிடைத்தால் இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படி நோட்டு அடித்தது ஜப்பான் மட்டும்தானா?

எல்லாரும் அடித்தார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனி கிழக்கே பிடித்த பகுதிகளுக்கு அடித்தது, இரண்டாம் போரில் மறுபடி அடித்தது. நேச நாடுகள் 1943-ல் இத்தாலிக்கு லிரா, 1944-ல் பிரான்ஸுக்கு ஃபிராங்க், ஜெர்மனிக்கு மார்க் என்று அடித்தன.

அதில் ஜெர்மனி மார்க் சுவாரசியம். அச்சுத் தகட்டை அமெரிக்கா சோவியத் யூனியனுக்கும் கொடுத்துவிட்டது. அவர்கள் இஷ்டத்துக்கு அடித்துத் தள்ளினார்கள். எது யார் அடித்தது என்று பார்க்க இரண்டு தடயங்கள் உண்டு. சோவியத் நோட்டில் வரிசை எண்ணுக்கு முன்னால் சிறு கோடு இருக்கும். அமெரிக்காவில் அடித்ததில் பூவேலைப்பாட்டுக்குள் ஆங்கில எஃப் எழுத்து ஒன்று ஒளிந்திருக்கும், அச்சகப் பெயரின் முதலெழுத்து. லூப்பும் பொறுமையும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதே தெரியாது.

ஜப்பானுக்கே அமெரிக்கா யென் அடித்தது. அதில் 'பி' வகை யென் ஒகினாவாவில் 1958 வரை புழங்கியது.

இந்தியாவிலும் ஒரு கிளை உண்டு. போரில் பிடிபட்ட இத்தாலியர்களையும் மற்றவர்களையும் பெங்களூர், போபால், டேராடூன், யோல் போன்ற ஊர்களில் முகாம் போட்டு வைத்திருந்தார்கள். முகாமுக்குள் மட்டும் செல்லும் கூப்பன்கள் அச்சாகின. இந்தியாவிலேயே இருந்துகொண்டு இந்தத் துறையில் புதிதாக ஏதாவது கண்டுபிடிக்க ஆசையென்றால் அந்தப் பக்கம் போங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

மலாயாவின் பத்து வகையில் ஆயிரம் டாலரை விட்டுவிட்டு ஒன்பதைச் சேருங்கள். அல்லது ஓசியானியா: அரை ஷில்லிங், ஒரு ஷில்லிங், பத்து ஷில்லிங், ஒரு பவுண்டு, நான்கே நான்கு. அவற்றோடு 1941 ஜூலை 1 தேதியிட்ட ஆறாம் ஜார்ஜ் மலாயா டாலர் ஒன்றையும் வாங்கி வையுங்கள். தேதி 1941 என்றாலும் 1945-ல் ஜப்பான் நோட்டுக்குப் பதிலாக ஜனங்கள் கைக்கு வந்த நோட்டு அது. அது பக்கத்தில் இல்லாமல் மற்ற ஒன்பதும் பாதிக் கதைதான்.

வியாபாரிகள் 'பிக் எண்' என்று சொல்வது ஆல்பர்ட் பிக் தொடங்கி வைத்த உலக நோட்டு அட்டவணையின் எண். மலாயா ஜப்பான் நோட்டுகள் அதில் எம்1 முதல் எம்10 வரை வரும். அந்த எம் 'மிலிட்டரி'. நோட்டில் அச்சான எம்மோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சான்றிதழ் போட்டுப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறார்களே, அப்படி வாங்கலாமா?

விலை உயர்ந்த நோட்டுக்கு அர்த்தம் உண்டு. சாதாரணப் பத்து டாலருக்கு, நோட்டு விலையைவிடச் சான்றிதழ் கட்டணம் பல மடங்கு. அந்தப் பணத்துக்கு இன்னும் ஐந்து நோட்டு வாங்கலாம்.

எப்படிப் பாதுகாப்பது?

லேமினேஷன் செய்யாதீர்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். இஸ்திரி போடாதீர்கள். மடிப்பு போகட்டும் என்று ஈரத்துணி வைத்து அழுத்தி எடுத்த நோட்டு, தெரிந்தவர் கையில் போனால் ஒரே நிமிடத்தில் அகப்பட்டுவிடும். தாளின் மொரமொரப்பு போய்த் துணி மாதிரி தொங்கும்.

சாதாரணக் கடை ஆல்பத்தைத் திறந்ததும் ஒரு பிளாஸ்டிக் நெடி வருமே, அது பிவிசி. சில ஆண்டுகளில் நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். சென்னை, நாகை மாதிரிக் கடலோர ஊர் என்றால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். ராமபாணப் பூச்சி வருமென்று பாச்சை உருண்டையை நோட்டின் மேலேயே வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். பெட்டி சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால் பூச்சி வராது.

பழைய நோட்டுக்கு லட்ச ரூபாய் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?

மோசடி. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம், வங்கி இப்படிப்பட்ட வியாபாரம் எதுவும் செய்வதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. நிஜமாக வாங்குகிறவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார்.

வாங்கவும் விற்கவும் நாணயக் கண்காட்சிதான் நல்ல இடம். பத்து மேசைகளில் அதே நோட்டுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்தாலே சந்தை புரிந்துவிடும்.

ஜப்பான் காலத்தில் அவ்வளவு கொடுமை நடந்திருக்கிறது. அந்தப் பணத்தைச் சேர்ப்பது சரியா? எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அவர்களுக்குப் பிடிக்காமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது. காலையில் வாங்கிய கூலி மாலையில் அரிசிக்குப் போதாமல் நின்றவர்களின் பிள்ளைகள் அவர்கள். கட்டாயப்படுத்திப் பார்க்க வைக்காதீர்கள். சேர்ப்பதில் தவறில்லை என்பது என் கட்சி. கண்காட்சிகளில் இதை வாள், கொடியோடு சேர்த்து அலங்காரமாக அடுக்கி வைப்பது மட்டும் எனக்குக் கண்ணை உறுத்துகிறது.

சில நோட்டில் பேனாவால் பெயர்கள் எழுதியிருக்கிறது. விலை குறையுமா?

பொதுவாகக் குறையும், ஒரு விதிவிலக்கோடு. நேச நாட்டுச் சிப்பாய்கள் இந்த நோட்டை நினைவுப் பொருளாக எடுத்துவைத்து, கூட இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருந்தது. பெயர், படைப்பிரிவு, ஊர், தேதி எல்லாம் படிக்கும்படி இருந்தால் எழுதாத நோட்டைவிட அதற்கு ஆள் அதிகம். அழிக்க முயலாதீர்கள்.

கடைசியாக: வீட்டு நோட்டை விற்கவா, வைத்துக்கொள்ளவா?

கட்டில் நூறு இருந்தால் தொண்ணூறை விற்றுவிடுங்கள், வைத்திருந்து பயனில்லை. பத்தை வையுங்கள். அவற்றோடு தாத்தாவின் பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், கடிதம், கடை ரசீது என்று எது கிடைத்தாலும் சேர்த்தே வையுங்கள், பிரித்து விற்காதீர்கள். எந்த ஊரில், என்ன வேலையில் இருந்தார், எப்போது கப்பலேறினார் என்பதைத் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு ஒரு தனித்தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். தாள் தனியாக இருக்கட்டும். நோட்டின் மேல் பென்சிலால்கூட எழுத வேண்டாம்.